இரண்டாந்தரம் கேட்காத ஊர்

"…வேண்டாம் தம்பி, வயிறு நிரம்பிப்போய்க் கிடக்கு. நீ சாப்பிடு, அவ்வளவு தூரம் பிளேனில குந்திக்கொண்டு வந்தனி" என்றார் அக்கா.

"சும்மா கதையாதையுங்கோ. ஒரு வாய்" என்று இடியப்பத்தைப் பிய்த்துச் சொதியில் தோய்த்து நீட்டினேன். "வேண்டாமடா" என்றார். "எனக்காக" என்றேன். வாயைத் திறந்தார். பிறகு "காணும், காணும்" என்று சொல்லிச் சொல்லியே கொண்டுபோன அத்தனையையும் முடித்தார். பக்கவாதத்தில் விழுந்துபோன இடது கை மடியில் கிடந்தது. வலது கை விரலை நக்கிக்கொண்டு, "ஆர் அவிச்சது, சுமதியோ? மா கொஞ்சம் கூட வறுபட்டுப்போச்சு" என்று குற்றமும் கண்டுபிடித்தார்.

மொன்றியலில், அக்கா இருக்கும் முதியோர் இல்லத்தில், என் முதல் மாலை அப்படிப் போனது. சுமதி என் அக்காவின் ஒரே மகள். "மாமா, அம்மா சாப்பிடுறா இல்லை. இப்பிடியே போனா ஆளைக் காணமாட்டீங்கள்" என்று அவள் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்து அழுததால்தான், வெயிலிலேயே வெந்த நான் மாசி மாதத்தில் இந்த ஊருக்கு வந்து இறங்கினேன். பார்த்தால், ஆள் நல்லாய்ச் சாப்பிடுகிறார். ஆனால் தோளில் கை வைத்தபோது பயந்துபோனேன். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

"இஞ்சத்தைச் சாப்பாடுதான் பிரச்சினை பிள்ளை. உப்புப் புளி இல்லாத சாமானை உன்ர கொம்மா எப்பிடித் தின்னுவா?" என்று சுமதிக்கு அன்றே தீர்ப்புச் சொன்னேன். அவள் அடுத்த நாள் விடியும் முன்பே நகரத்துக்கு வெளியே லவாலில் இருக்கும் வேலைக்குப் புறப்பட்டுப் போய்விட்டாள். மெத்ரோ என்கிற நிலத்தடி ரயில், பிறகு பஸ், பிறகு நடை. ஞாயிறு ஒன்றுதான் தாயிடம் போக அவளுக்குக் கிடைக்கும் நாள்.

சுமதியின் வீடு வில்லரே என்ற பகுதியில் மேல்மாடி. இந்த ஊரில் மாடிப்படியை வீட்டுக்கு வெளியே, பனிக்குள், வளைத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் உள்ளே இடம் மிச்சமாம். உள்ளே மிச்சம் பிடித்த இடத்தில் முறிந்த காலை நீட்டிக்கொண்டு படுக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். நான் கம்பியைப் பிடித்து, முதுகைக் காட்டிக்கொண்டுதான் இறங்குவேன். எதிர்வீட்டுக்காரர் இதை எங்கள் ஊர் வழிபாடு என்று நினைத்தாரோ என்னவோ, பார்த்துக் கும்பிடுபோட்டார்.

எங்கள் ஆட்கள் கடை வைத்திருக்கும் பார்க் எக்ஸ்ரென்ஷன் பக்கம் நடந்து போய்ச் சாமான் வாங்கினேன். கடைக்காரர் மட்டக்களப்பு ஆள். வெளியே வெயில் கண்ணைப் பறிக்க, மூக்கு விறைத்துப்போய் உள்ளே நுழைந்த என்னைப் பார்த்து, "இது படத்தில வாற வெயில் அண்ணன். பாக்கலாம், காய ஏலா" என்றார். இந்த ஒரு வசனத்துக்காகவே இன்னும் இரண்டு சாமான் கூட வாங்கினேன். முப்பது வருடம் மினிபஸ்ஸில் கொண்டக்டராக நின்றவனுக்கு ஆட்களின் வாய்ப்பேச்சு என்றால் விசர்.

அக்காவின் கதையைச் சொன்னதும் கடையில் நின்ற எல்லாரும் வைத்தியர் ஆனார்கள். "ரசம் வைச்சுக் குடுங்கோ அண்ணை. உவங்கட சாப்பாடு எங்கட வாய்க்குப் பச்சைத்தண்ணி" என்றார் ஒரு அம்மா. "மீன்தலைச் சொதி" என்றார் இன்னொருவர். "நல்ல மீனெண்டா நகரத்துக்குள்ள சீனக் கடையளுக்குப் போகவேணும்."

போனேன். மெத்ரோ நிலையக் கதவைத் தள்ளும்போது உள்ளேயிருந்து காற்று எதிர்த்துத் தள்ளுகிறது. வேண்டாத விருந்தாளியைத் திருப்பி அனுப்புவது மாதிரி. மீன் வாங்கியாகிவிட்டது. திரும்பி வரும்போது ஒரு பெரிய தரிப்பிடத்தில் எல்லாரும் இறங்க, நானும் இறங்கினேன். கொண்டக்டர் புத்தி: சனம் முழுக்க இறங்கினால் அது கடைசித் தரிப்பு. கூட்டத்தோடு கூட்டமாய் இன்னொரு வண்டியில் ஏறினேன். அது நெடுநேரம் நிற்காமல் ஓடி ஒரு இடத்தில் நின்றது. சீருடை போட்ட ஒரு பெண்ணிடம் கேட்டேன். "முசியூ, இது லொங்குய்ய். நீங்கள் ஆற்றைக் கடந்துவிட்டீர்கள்" என்றார். ஆறு எங்கே என்றேன். விரலால் தலைக்கு மேல் காட்டினார். வண்டி ஆற்றுக்கு அடியால் ஓடி வந்திருக்கிறது.

கையில் மீன், வயிற்றில் பசி. அங்கேயே ஒரு கடையில் பூத்தீன் என்ற இந்த ஊர்ச் சாப்பாட்டை வாங்கினேன். உருளைக்கிழங்குப் பொரியலை மொறுமொறுவென்று பொரித்து, அது மொறுமொறுப்பாய் இருக்கக்கூடாது என்று மேலே குழம்பை ஊற்றித் தருகிறார்கள். இடையிடையே பாற்கட்டித் துண்டுகள். கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் போடும். முதல் வாயில் சிரித்தேன். கடைசி வாயில், குழம்பு உறைக்காததற்கு மன்னித்துவிட்டேன். பக்கத்து மேசைக் கிழவர் தன் நண்பரிடம், "பார், வெளிநாட்டுக்காரர் தட்டை வழிக்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னதும் காதில் விழுந்தது. உண்மைதான், வழித்தேன்.

அன்று பின்னேரம் அக்கா சொதியையும் சோற்றையும் அதே "வேண்டாம், காணும்" பாட்டோடு சாப்பிட்டார். பாதியில் புரைக்கேறியது. முகம் நீலம் பாய்ந்தது. ஓடிவந்த தாதிமார் என்னை வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

அதோடு வெளிச் சாப்பாடு நின்றது. பக்கவாதத்தில் தொண்டையும் பலவீனமாகிவிட்டது, மசித்த சாப்பாடு மட்டும்தான், அதுவும் ஆள் பக்கத்தில் இருந்து ஊட்ட வேண்டும் என்றார் டொக்டர். சின்ன வயதுப் பெண். கோபப்படாமல் பேசினார். "அவர் மத்தியானமும் இரவும் எங்கள் சாப்பாட்டை மறுக்கிறார். தெளிவாக, மரியாதையாக மறுக்கிறார். அது அவருடைய விருப்பம் என்றால், நாங்கள் தொந்தரவு செய்வதை நிறுத்தி, வலியில்லாமல் பார்த்துக்கொள்வோம்." அடுத்த கிழமை குடும்பத்தோடு இருந்து பேசி முடிவெடுக்கலாம் என்றார்.

வலியில்லாமல் பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று அடுத்த நாள் கண்டேன். அக்காவின் பக்கத்துக் கட்டிலில் இருந்த மூதாட்டி காலையில் இல்லை. மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பின்னேரம் போனபோது அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்து, அதே யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா வேண்டாமெண்டு சொல்லுறா மாமா. அவ வாழ்ந்தது காணும் எண்டு நினைக்கிறாவோ தெரியாது. அதை நான் மதிக்கத்தானே வேணும்?" என்றாள் சுமதி, சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தபடி. அவள் சின்னப் பிள்ளையாக வந்து, இங்கே பிரெஞ்சில் படித்து வளர்ந்தவள். எனக்கும் அந்தப் பயம் வந்துவிட்டது.

ஒரு நாள் பகல் முழுக்கச் சும்மா தெருத்தெருவாய் நடந்தேன். வீட்டுக்கு வந்தால் சட்டைப்பையில் கதவுத் திறப்பு இல்லை. உள்ளே வைத்துச் சாத்திவிட்டேன். படியில் நடுங்கிக்கொண்டிருந்த என்னைக் கீழ்வீட்டு மதாம் ழினெட் யன்னலால் கண்டு உள்ளே இழுத்தார். சுமதி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி. தனியாக இருப்பவர். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றையொன்று கைபிடித்து நடந்தால்தான் நடக்கும்.

குசினிக்குள் கராம்பும் கறுவாவும் மணத்தன. அவர் போறணைக்குள்ளிருந்து ரூர்த்தியேர் என்ற இறைச்சிப் பணியாரம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பெரிய ரொட்டி மாதிரி வட்டம், உள்ளே இறைச்சி. காலையில் குடித்த தேத்தண்ணீருக்குப் பிறகு என் வயிற்றில் ஒன்றும் இல்லை.

"சாப்பிடுகிறீர்களா?"

"நோ, நோ. தாங்க்யூ மேடம்."

"ஓகே" என்றார். ஒரு துண்டை வெட்டித் தன் தட்டில் வைத்தார். மேலே தக்காளிச் சட்னியைப் போன்ற ஒன்றை ஊற்றினார். என் முன்னாலேயே சாப்பிடத் தொடங்கினார்.

நான் காத்திருந்தேன். அடுத்த கேள்வி இதோ வருகிறது என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாந்தரம் கேட்டால் "சரி, கொஞ்சமாய்" என்று சொல்வதாக இருந்தேன். அவர் பனியைப் பற்றிச் சொன்னார், இறந்துபோன கணவரைப் பற்றிச் சொன்னார், எனக்குத் தண்ணீர் தந்தார், கால் விறைக்காமல் இருக்கத் தன் கம்பளிச் சப்பாத்தைத் தந்தார். அவ்வளவு அன்பான மனிசி. துண்டு முடிந்தது. மிச்சத்தை ஈயத்தாளால் இறுக்கி மூடிக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தார். கதவு சப்பென்று மூடியது.

இந்த மனிசி கஞ்சத்தனம் பண்ணவில்லை. நான் சொன்னதை நம்பிவிட்டார். அவ்வளவுதான்.

கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். பனியில் ஓடக்கூடாது. இரண்டு இடத்தில் விழுந்தேன். இந்த ஊரில் இரவுச் சாப்பாடு வெளிச்சம் போகும் முன்பே வந்துவிடும். இல்லத்துக்குள் நுழைந்து, அக்காவின் அறைக்குள் போகாமல் வாசலில் ஒதுங்கி நின்றேன்.

மரி என்ற பராமரிப்பாளர் தட்டோடு வந்தார். ஹெய்ட்டி நாட்டுப் பெண், நல்ல சிரித்த முகம். தட்டில் ஐஸ்கிரீம் உருண்டைகள் மாதிரி மூன்று நிறத்தில் மசியல், ஒரு கோப்பையில் கட்டியான பட்டாணி சூப். மரி குனிந்து, அக்காவின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, மெதுவாகக் கேட்டார்: "கொஞ்சம் சாப்பிடலாமா மதாம்?"

அக்கா கலியாண வீட்டுப் பந்தியில் இருப்பவர் மாதிரிச் சிரித்தார். வலது கையைத் தட்டுக்கு மேல் விரித்து மறைத்தார். "நோ, மெர்சி" என்றார். வேண்டாம், நன்றி என்று அர்த்தம். இந்த ஊரில் அவர் படித்த பிரெஞ்சு அவ்வளவுதான், சுமதி சொல்லிக் கொடுத்தது. மரி பெருமூச்சு விட்டு, அக்காவின் கன்னத்தைத் தடவி, தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தட்டுப் போன வழியே அக்காவின் கண்களும் போயின. வாசலில் நின்ற என் மேல் வந்து முட்டின.

நான் மரியின் கையிலிருந்து தட்டை வாங்கினேன். ஒன்றும் கேட்காமல் சூப்பைக் கரண்டியில் எடுத்து அக்காவின் வாயருகே வைத்தேன். மரி பக்கத்தில் நின்று, மெல்ல, மெல்ல என்று கையால் காட்டினார். கோப்பை காலியானது. மூன்று நிறமும் காலியானது.

"பருப்பைக் கரைச்சு வைச்சிருக்கிறாங்கள். உப்புத்தான் இல்லை" என்றார் அக்கா.

"பசிச்சதே அக்கா?"

"பசிக்காமல்? கல்லே நான்?"

"பேந்து ஏன் வேண்டாமெண்டு சொன்னனீங்கள்?"

அக்கா என்னை ஒரு விசரனைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். "அந்தப் பிள்ளை ஒருக்காத்தானே கேக்குது. ஒருக்காக் கேட்டதுக்கு ஆரும் ஓமெண்டுவினமே? திரும்பக் கேக்கும், திரும்பக் கேக்குமெண்டு பாத்துக்கொண்டு கிடக்கிறன். அது தூக்கிக்கொண்டு போயிடுது. நாள் முழுக்கப் படுத்துக்கிடக்கிற கிழவிக்கு என்னத்துக்கெண்டு நினைக்கினமாக்கும். குடுக்க மனமில்லாத இடத்தில நான் ஏன் வாயைத் திறப்பான்?"

காலைக் கஞ்சியை மட்டும் வேண்டுமா என்று யாரும் கேட்டதில்லை, மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இத்தனை நாளும் அக்காவை உயிரோடு வைத்திருந்தது அதுதான்.

அன்றிரவு சுமதிக்குச் சொன்னேன். "நானும் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டனான்தானே மாமா. சாப்பாட்டோட போய், அம்மா சாப்பிடுறீங்களோ எண்டு கேட்டனான்தானே" என்றாள்.

"கேட்டனி பிள்ளை."

"ஒருக்கா" என்றாள் அவளாகவே. எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவில்லை.

குடும்பக் கூட்டத்தில் டொக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். சுமதி நடுவில் இருந்து மொழிபெயர்த்தாள். "வேண்டாமெண்டு சொன்ன ஆளைத் திரும்பத் திரும்பக் கேட்டா, அந்த ஆளின்ர சொல்லை மதிக்காத மாதிரியாம் மாமா."

"திரும்பக் கேக்காட்டி ஆளையே மதிக்காத மாதிரியெண்டு சொல்லு."

சுமதி என்னையும் டொக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டும் எனக்கு விளங்குது. அதுதான் கஷ்டம்" என்று தமிழிலேயே சொன்னாள்.

டொக்டர் நல்லவர். இன்னொரு தடவை கேட்கும்படி எழுதி வைப்பதாகச் சொன்னார். ஆனால் சாப்பாட்டோடு வரும் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், எல்லா மாடியிலும் ஆள் பற்றாக்குறை, எழுதியதை எல்லாரும் வாசிப்பார்கள் என்று சத்தியம் பண்ண முடியாது என்றார். ஒளிக்காமல் சொன்னார். "அவராக வேண்டும் என்று காட்ட வேண்டும். அதுதான் அவருக்குப் பாதுகாப்பு. இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்." எனக்கோ அந்தக் கொஞ்ச நாளுக்குள் விமானம்.

ஆகவே கடைசி நாட்களில் ஊர் சுற்றவில்லை. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு மரியாக நடித்தேன். "கொஞ்சம் சாப்பிடலாமா மதாம்?" என்று குனிந்து கேட்பேன். அக்கா "வீ" என்று சொல்ல வேண்டும். பிரெஞ்சில் ஓம் என்பதற்கு அதுதான் சொல்.

"வீயெண்டு கத்த நான் என்ன விசிலே?" என்றார் அக்கா.

"அப்ப ஓமெண்டு சொல்லுங்கோ. தலையை ஆட்டுங்கோ."

"கேட்ட உடனையோ?"

"கேட்ட உடனை."

"சாப்பாட்டுக்கு அலையிறவள் எண்டு நினைக்க மாட்டினமே?"

"நினைச்சா நினைக்கட்டும். இஞ்ச உங்களை ஆருக்குத் தெரியும்?"

"எனக்கு என்னைத் தெரியுமேடா" என்றார். நான் துவாயைச் சரிசெய்துகொண்டு திரும்பவும் குனிந்தேன். அவர், "உனக்கு அந்தப் பிள்ளையின்ர வடிவு வராது. மீசையோட குனியாதை, பயமாக்கிடக்கு" என்றார். சிரித்தோம். அவர் ஒரு தடவைகூட "வீ" சொல்லவில்லை. நான் இரண்டாந்தரம் கேட்ட பிறகுதான் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தார்.

புறப்படும் நாள் பின்னேரம், சாமான்களைச் சுமதி இரவல் வாங்கிவந்த காரில் ஏற்றிவிட்டு இல்லத்துக்குப் போனோம். சுமதி கட்டிலடியில் நின்றாள். அவள் வாய் திறக்கக் கூடாது, நானும் திறக்கக் கூடாது என்று வழியிலேயே பேசி வைத்திருந்தோம். நாளைக்கு இந்த நேரம் நான் இருக்க மாட்டேன், சுமதி லவாலில் இருப்பாள். நடைபாதையில் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது.

"தம்பி, நீ வெளியில போய் நில்லு. நீ பாத்துக்கொண்டு நிண்டா எனக்கு வெக்கம்" என்றார் அக்கா. நான் வாசலுக்குப் போனேன். சுமதியும் வந்து என் பின்னால் நின்றாள். அவளுடைய மூச்சு என் பிடரியில் பட்டது.

அன்று மரி இல்லை. முன்பின் கண்டிராத ஓர் இளைஞன், அவசரத்தில் இருந்தான். தட்டை வைத்தான், கேட்டான். அக்காவின் முகம் யன்னல் பக்கம் திரும்பியது. "வீ" என்றும் சொல்லவில்லை, "நோ, மெர்சி" என்றும் சொல்லவில்லை. அவன் கொஞ்சம் காத்து நின்றான். வெளியே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "சரி மதாம்" என்று சொல்லித் தட்டைத் தூக்கினான்.

தட்டு மேசையை விட்டுக் கிளம்பவில்லை. யன்னலைப் பார்த்தபடியே அக்கா வலது கையால் அதன் விளிம்பைப் பிடித்திருந்தார். அவன் மெல்ல இழுத்தான். அக்கா விடவில்லை.